பரிவு மீடிறன்

நான் வெளிநாட்டில் கரண்ட் வேலை பார்க்கிறேன் என்று அம்மா எங்கள் ஊரான தர்மபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். விடுமுறைக்கு வந்து பயணப்பையை இறக்கி வைக்கக்கூட இல்லை, பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார்.

"பிள்ளை, எங்கடை மீற்றரை ஒருக்கா வந்து பாருங்கோவன். பேய் மாதிரி ஓடுது."

எரிச்சல் என்றால் அப்படியோர் எரிச்சல். நான் படித்ததென்ன, இவர்கள் கேட்பதென்ன! ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

திரும்பி வந்தபோது கூடவே வந்த அந்த அக்கா எங்கள் வீட்டுச் சுவரிலிருந்த என் தம்பியின் படத்தைப் பார்த்து, "நல்ல பிள்ளையா இருந்தவன்" என்றார். அம்மா பாய்ந்தார்.

"இருந்தவன் இல்லை, இருக்கிறவன்! வாயைக் கழுவிப்போட்டுக் கதை."

தம்பி போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். அந்தப் படத்துக்கு மாலை போட அம்மா ஒருநாளும் விட்டதில்லை.

அடுத்த நாள் காலை போனில் ஒரு கதை வந்தது. முல்லைத்தீவுப் பக்கம் நிலம் வெட்டிய இடத்தில் எலும்புகளும் உடுப்புகளும் வந்தனவாம். அம்மா கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். காஸ் சிலிண்டரைக் கரண்டிக் காம்பால் தட்டிச் சத்தத்தைக் கேட்டார்.

"காஸ் அரைவாசிக்குக் கீழை போயிட்டுது."

அவருடைய மனதை வேறு பக்கம் திருப்ப நினைத்து, "அம்மா, இதுதான் என்ரை வேலையும்" என்றேன்.

நான் ஆராயும் பிளாஸ்மா என்பது சூரியனைப் போலக் கொதிக்கும் வாயு. அதற்குள் மின்னோட்டம் ஓடும். அது நடுவில் திரண்டிருக்கிறதா, ஓரத்துக்குப் பரவிவிட்டதா என்று தெரிய வேண்டும். நடுவுக்குள் எதை நுழைத்தாலும் எரிந்துபோகும். ஆகவே வெளியே நின்று அலையை அனுப்பி உலுப்புவோம். வினாடிக்கு எத்தனை தரம் ஆட்டுகிறோம் என்ற மீடிறனை மெல்ல மெல்ல மாற்றுவோம். ஏதோ ஒரு மீடிறனில் அது, கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல், ஓம் என்று சேர்ந்து அதிரும். எங்கள் பாடப்புத்தகம் அதற்கு வைத்த பெயர் பரிவு. அந்த மீடிறனை வைத்து உள்ளே ஓட்டம் எப்படி என்று கணித்துவிடுவோம். இதையெல்லாம் அம்மாவுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன்.

"உள்ளுக்கை போகாமலே தெரியுமோ?"

"ஓம் அம்மா."

கறியைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப பிள்ளை, அந்த நிலத்தை அவங்கள் கண்டபடி கிண்டாமல், நீ உன்ரை அலையை விட்டுப் பார்க்கேலாதோ? அவன் அதுக்குள்ளை கிடக்கிறானோ எண்டு."

ஐயோ அம்மா. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரேயொரு உதவி இது. என் படிப்பை அடுப்பில் போட வேண்டும் போலிருந்தது.

"ஏலாது அம்மா. உள்ளுக்கை ஓட்டம் இருக்கிறபடியால்தான் அது பதில் சொல்லுது. மண்ணுக்குள்ளை..."

"ஓம், ஓம். ஓட்டம் இருக்க வேணும்தானே." அடுப்பைக் குறைத்தார். கறியை மறுபடி துழாவினார். "என்ரை பிள்ளை, ஒரு குரல் கூப்பிட்டால் போதும். எங்கை நிண்டாலும் ஓம் எண்டு சொன்னவன்."

"சொன்னவன் இல்லை, சொல்லுறவன், அம்மா" என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார்.