ஹாலிஸின் கட்டைவிரல்

எங்கள் தொழிலில் பயமே கிடையாது என்று ஒருவன் சொன்னால், அவன் புதிதாக வந்தவன், இல்லாவிட்டால் பொய்யன். கல்லூரி கல்லூரியாகப் போய், கையால் பந்தைப் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற பையன்களைப் பார்த்து, இவன் சம்பளத்துக்கு ஆடத் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று அணிக்கு எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஏப்ரலில் டிராஃப்ட். மூன்றே நாளில் முப்பத்திரண்டு அணிகளும் ஏழு சுற்றாக முறைபோட்டு ஆள் எடுத்து முடித்துவிடும். மே மாதம் எங்களில் சிலருக்குச் சீட்டுக் கிழியும். அந்த மே மாதத்தை நினைத்துக்கொண்டேதான் வருடம் முழுக்க எழுதுகிறோம்.

அதிலும் ரிசீவரைப் பார்க்கப் போகிறோம் என்றால் எனக்குப் பயம் இரட்டிப்பு. தூரத்திலிருந்து எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவன் ரிசீவர். கேட்கச் சுலபமாக இருக்கும். வேகமாக ஓடுகிறவனுக்குக் கை இருக்காது. கை இருக்கிறவன், நடுமைதானத்தில் எவனோ இடிக்க வருகிறான் என்று தெரிந்தால் நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொள்வான். இரண்டும் சரியாக இருக்கிறவன் வகுப்புக்குப் போகிறானா, யாரோடு சுற்றுகிறான் என்று அணியின் துணி துவைக்கிறவர் வரை விசாரிக்க வேண்டும். பெண் பார்க்கப் போகும் மாமியார் தோற்றாள்.

ஹாலிஸ் புரூயிட் இந்த வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். மிசிசிப்பி, அலபாமா இரண்டும் அவர் வட்டாரம். என் பெயர் வெண்டல். நான் வேறோர் அணிக்காரன், அவருக்கு ஒன்பது வயது இளையவன். ஒரே மைதானம், ஒரே சாப்பாட்டுக் கடை என்று பதினெட்டு வருடம் அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். பையன்கள் பந்து பிடிக்கும்போது ஹாலிஸ் திரும்பி நின்றுகொள்வார். கண்ணை மூடிக் கேட்பார். பந்து அறைகிற சத்தம் வந்தால் உள்ளங்கையில் வாங்குகிறான், நாளைக்கு நழுவவிடுவான். சத்தமே இல்லாமல் அடங்கினால் விரலால் வாங்குகிறான். அப்போதுதான் திரும்பி, இவன் யார் என்று கேட்பார்.

காதை விடவும் பேர்போனது அவருடைய வலது கட்டைவிரல். பெரிய கல்லூரிப் பையன்கள் பிப்ரவரியில் தேர்வு முகாமுக்கு இண்டியானாபோலிஸ் போய் மெஷின் முன்னால் நாற்பது கெஜம் ஓடுவார்கள். அங்கே அழைப்புக் கிடைக்காதவனுக்கு, அவன் கல்லூரித் திடலில், நாங்கள் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதுதான் கணக்கு. நாலரை வினாடிக்குள் ஓடினால் வேலை. நாலு புள்ளி ஆறு என்றால் வீடு. ஓட்டம் முடிந்ததும், எதிரணிக்காரர்களாக இருந்தும் கூடி நின்று "உனக்கு எவ்வளவு, எனக்கு இவ்வளவு" என்று ஒப்பிடுவோம். கடைசியில் எல்லோரும் ஹாலிஸைப் பார்ப்போம். அவர் சொன்னால் சொன்னதுதான். எங்களிடம் இருந்தது வெறும் பென்சில்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வலது கையைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார். குளிருக்குத்தான் என்று நினைத்தேன்.

மார்ச்சில் டெல்டா பக்கத்துச் சின்னக் கல்லூரி ஒன்றில் ட்ரேவன் குளோவர் என்ற ரிசீவரைப் பார்க்க ஏழு பேர் போயிருந்தோம். முந்தின சீசனில் எழுபத்தொரு பந்து பிடித்திருந்தான். முழு வேகத்தில் வந்து சட்டென்று இடுப்பைத் தாழ்த்தித் திரும்பினால், காவலுக்கு நின்றவன் நாலடி தாண்டிப் போய் நிற்பான். ஹாலிஸ் இலையுதிர் காலத்தில் மூன்று முறை வந்து பார்த்து, தன் அணியில் இவனுக்காகச் சண்டையே போட்டிருந்தார். பாக்கி இருந்தது வேகம் ஒன்றுதான்.

"சார், காத்து எதிர்க்க அடிக்குது. கொஞ்சம் பொறுத்து ஓடட்டுமா?" என்றான் பையன். உதடு வறண்டிருந்தது.

"காத்து உனக்காக நிக்காது தம்பி. ஓடு," என்றார் ஹாலிஸ். அவர் குரலும் சரியாக இல்லை.

ஓடினான். என் வாட்ச்சில் நாலு நாற்பத்தாறு. பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

"ஹாலிஸ், எவ்வளவுங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"நாலு அறுபத்திரண்டு."

புதிதாக வந்த ஒருவன், "எனக்கு நாப்பத்தேழு காட்டுதே…" என்று இழுத்தான்.

"கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கடா. அவரு கண்ண மூடிக்கிட்டு அழுத்துனாலும் உன்ன விட சரியாச் சொல்லுவாரு," என்றான் பக்கத்தில் நின்றவன். எல்லோரும் சிரித்தார்கள். புதியவன் அவசரமாக ரப்பரை எடுத்தான். நானும் எடுத்தேன். நாற்பத்தாறை அழித்துவிட்டு ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். என் கண்ணை, என் கையை, நானே நம்பவில்லை. இரண்டாவது ஓட்டம்: எனக்கு நாற்பத்தெட்டு, அவருக்கு அறுபது. மறுபடி அழித்தேன்.

பையனிடம் நேரத்தைச் சொல்லக்கூடாது என்பது வழக்கம். சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஏழு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ட்ரேவன் புல்லில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்கப் பார்த்தான். அவிழ்க்க வரவில்லை. கடைசியில் ஷூவை அப்படியே இழுத்துக் கழற்றினான்.

மதியம் நானும் ஹாலிஸும் கெளுத்தி மீன் கடைக்குப் போனோம். காரச் சாறு பாட்டிலின் மூடியை அவர் திருக ஆரம்பித்தார். கட்டைவிரல் மூடியின் மேல் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். அதை அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தெறந்து தரட்டுங்களா?" என்று பரிமாறும் பெண் கேட்டாள். பாட்டிலைக் கொடுத்துவிட்டு, அவள் போகும்வரை காத்திருந்தார்.

"வெண்டல், நெசத்தச் சொல்லு. உனக்கு என்ன வந்துச்சு?"

"நாப்பத்தாறு," என்றேன்.

அவர் இடது கையால் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். "ஆரம்பிக்கிறப்ப அழுத்துது. முடிக்கிறப்ப அழுத்துன்னா கேக்க மாட்டேங்குது. எங்கப்பாவுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. கடைசி நாலு வருசம் அவருக்கு நான்தான் சட்டை பட்டன் போட்டுவிட்டேன்."

"டாக்டர்ட்ட போனீங்களா?"

"போனா எழுதிருவான். எழுதிட்டா வேல போயிரும். வேல போனா இன்சூரன்ஸ் போயிரும். அப்புறம் எந்த டாக்டர்ட்ட போறது, நீயே சொல்லு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏப்ரல் வரைக்கும் பொறுங்க. டிராஃப்ட் முடியட்டும்," என்றேன். அவருக்காகச் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கேவலம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: மற்ற ஆறு அணியும் அறுபது என்று நம்பி ஒதுங்கினால், அந்தப் பையனைக் கடைசிச் சுற்றில் என் அணி சத்தமில்லாமல் தூக்கலாம் என்ற எண்ணமும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஹாலிஸ் மீனைத் தொடவில்லை. இடது கையால் போனை எடுத்தார். "பயமாத்தான் இருக்கு, வெண்டல். ரொம்பப் பயமா இருக்கு. ஆனா அந்தப் பையன் ஷூவ அவுத்தத நீ பாத்தியா?"

மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "என் நம்பர நம்பாத. என் விரல் செத்துப்போச்சு. உன் வாட்ச்சில மொதல்ல என்ன இருந்துச்சோ அத எழுது." நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவனும் முதலில் மழுப்பினான், பிறகு ஒப்புக்கொண்டான். நாற்பத்தேழு. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. ஐந்து பேரும் அழித்திருந்தார்கள். மைதானத்தில் கிண்டலடித்தவனும்தான்.

பிறகு பையனைக் கூப்பிட்டார். "நீ நல்லா ஓடுன தம்பி. என் கைதான் சரியில்ல."

"கைக்கு என்னாச்சு சார்?" என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. ஹாலிஸ் போனை வைத்துவிட்டார்.

தன் அணியில் ஆள் எடுக்கும் பிரிவின் டைரக்டரைக் கடைசியாகக் கூப்பிட்டார். அந்த மனிதர் நல்ல மரியாதையாகப் பேசினாராம். பேச்சு முடிகிற சமயத்தில், "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டிருக்கிறார். ஹாலிஸ் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

ஏப்ரலில் ட்ரேவன் குளோவரை ஐந்தாவது சுற்றில் மேற்கே ஓர் அணி எடுத்தது. என் அணியும் இல்லை, ஹாலிஸின் அணியும் இல்லை. மே முதல் வாரம் ஹாலிஸுக்குச் சீட்டுக் கிழிந்தது. அணி கொடுத்த காரையும் கம்ப்யூட்டரையும் ஓர் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

ஜூன் மாதம் டுபெலோவில் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசை முழுக்க, ஓட்ட நேரம் குறித்து வைத்த சின்னச் சின்ன நோட்டுகள். வருடவாரியாக அடுக்கியிருந்தார். வலது கை மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போது அதை மறைக்கவில்லை.

"டாக்டர்ட்ட போனேன்," என்றார். "அப்பாவுக்கு வந்த அதே நடுக்க நோய்தான். ரெண்டு மூணு வருசமாவே இருந்திருக்கும்ங்கிறாரு."

நான் உட்கார்ந்தேன். அந்த இரண்டு மூன்று வருடத்தில் தன் விரல் யார் யாரைத் தப்பாக வீட்டுக்கு அனுப்பியது என்று தேடத்தான் நோட்டுகளை எடுத்து வைத்திருக்கிறார் என்று புரிந்தது.

"போன வருசம். அலபாமா. லமோண்ட் டியூபரின்னு ஒரு ரிசீவர், நெட்டையா, எடது கைப் பழக்கம். என் நோட்டுல நாலு அறுபத்தஞ்சுன்னு இருக்கு. நீ என் பக்கத்துலதான் நின்ன. உனக்கு என்ன வந்துச்சு?"

நன்றாக ஞாபகம் இருந்தது. நாலு நாற்பத்தெட்டு. அவர் சொன்னதைக் கேட்டுக் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அழித்தேன். அவனை எந்த அணியும் எடுக்கவில்லை. டயர் கடையில் வேலை பார்க்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"அறுபத்தஞ்சுதான், ஹாலிஸ்," என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தான்."

நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இடது கையால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மெதுவாக ஒரு கோடு போட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பி, அடுத்த பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பையனுக்கு?" என்றார்.