சங்கின் வாய்க்குள் விட்ட விரல்

கூரை ஒழுகும் தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று ருவான்வெல்லை பஜாரில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது, கல்வீடு இருக்கிறது. எங்கள் இறப்பர் தோட்டத்துக் கோயிலின் முன்மண்டபமும் நான் கட்டியதுதான். யாரும் கைகொடுக்கவில்லை. போன வருடம் அந்தக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

வலம்புரிச் சங்கில் அபிஷேகம் செய்ய வேண்டும் என்று கோயில் கமிட்டி தீர்மானித்தது. எல்லா வீட்டிலும் காசு சேர்த்தார்கள். இறப்பர் மரத்தில் பால்வெட்டும் ஒரு அம்மா காதுத் தோட்டையே அடகு வைத்துக் கொடுத்தார். கொழும்பு வியாபாரி ஒருவர் சங்கைச் சிவப்புப் பட்டில் சுற்றிக் கொண்டுவந்து, ஒவ்வொருவர் காதிலும் வைத்து ஓம் என்று கேட்கிறதா என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாலும் அப்படித்தான் கேட்கும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

இளவயதில் சாவு வீடுகளில் சங்கு ஊதியவன் நான். ஊதி முடித்ததும் விரலில் துணி சுற்றி உள்ளே துடைப்பேன். வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று வரப்பு விரலில் இடிக்கும். வியாபாரி கொண்டுவந்த சங்குக்குள் விரலை விட்டால் சவர்க்காரம் போல வழுக்கியது. இது சங்கே இல்லை என்றேன்.

கமிட்டித் தலைவர் என் அக்கா மகன்தான். "மாமா, நீங்க எத்தன வலம்புரி பாத்திருக்கீங்க?" என்றார்.

"ஒண்ணும் பாக்கல. ஆனா இடது கைக்காரனுக்கும் அஞ்சு விரல்தானப்பா?"

கோயிலின் பழைய இடம்புரியை எடுத்து வரச்சொல்லி, எல்லோரையும் விரல் விட்டுப் பார்க்க வைத்தேன். வழுக்குவதுதான் வலம்புரிக்கு விசேஷம் என்று சாதித்தார் வியாபாரி. அப்போது தோட்டப் பள்ளிக்கூட விஞ்ஞான டீச்சர் போனில் தேடிப் படம் காட்டினார். நம் சங்குக்குள் இருப்பது கடல் புழுவைப் பிடித்துத் தின்னும் நத்தையாம். வலம்புரி என்றாலும் வரப்பு இருக்குமாம். இதுவோ அமெரிக்கக் கடலில் சிப்பியைத் திறந்து தின்னும் வேறு நத்தை. அந்த இனம் முழுக்கவே வலம்புரி போலத்தான் சுழிக்குமாம்.

வியாபாரி பட்டை மடித்துக்கொண்டு பஸ் ஏறினார். சேர்த்த காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்; அந்த அம்மாவின் தோடு காதுக்குத் திரும்பியது. பழைய சங்கிலேயே அபிஷேகம் நடந்தது. மேடையில் டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தப்பில்லை, படித்த பிள்ளை.

படிப்பு சொல்லாததைச் சாவு வீட்டுச் சங்கு எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்தச் சங்குக்குள் முதலில் விரல் விட்டவனும் நான்தான். கோயில் அச்சிட்ட கும்பாபிஷேக மலரில் அது இல்லை; அடுத்த பதிப்பிலாவது போட வேண்டும்.