மூக்கன் எடுத்த முதல் வாய்

என் சாப்பாட்டு டப்பாவில் முதல் வாய் எனக்குக் கிடைத்ததே இல்லை. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, தலை நரைக்கும்வரை அதே கதைதான். என் வீட்டுக்காரி விடியுமுன் எழுந்து சமைக்கிறாள். நான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நசுங்கி வருகிறேன். மதியம் மூடியைத் திறந்தால், என் கை போவதற்குள் இன்னொரு கை உள்ளே இருக்கும். நகக்கண்ணில் கிரீஸோடு. கேட்டால், "சோப்புப் போட்டுத்தாண்டா கழுவினேன். இது ஊறிப்போன கறுப்பு, செத்தாலும் போகாது" என்று பதில் வரும். மீன் என்றால் நடுத்துண்டு, முட்டை என்றால் மஞ்சள் கரு. ஓரமாகக் கிள்ளி எடுப்பது என்கிற நாகரிகம் அந்தக் கைக்குத் தெரியாது.

அது மூக்கனின் கை. நானும் அவனும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர்கள். எங்களை மேனேஜர் பிரித்து அனுப்பியதே கிடையாது. "அந்த மூக்கையும் மூஞ்சியையும் கூப்பிடு" என்பார். மூஞ்சி நான்தான். சிடுமூஞ்சி என்று மூக்கன் வைத்த பேர், வாயில் புழங்கித் தேய்ந்து வெறும் மூஞ்சியாக நின்றுவிட்டது. அவனுக்கு மூக்கன் என்ற பேர் எப்படி வந்தது என்பதற்கு எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லிஃப்ட் ஓடுகிற வழி பார்ப்பதற்குக் கிணறு மாதிரி இருக்கும். ஒருவன் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு இருட்டில் டார்ச் அடித்துக் கதவு, கம்பி, ரோப்பு எல்லாம் பார்ப்பான். இன்னொருவன் மொட்டை மாடியில் இருக்கிற மிஷின் ரூமில் நின்று பெட்டியை ஏற்றி இறக்குவான். பழைய லிஃப்ட்டுகளில் எல்லாம் குரல்தான். பெட்டிமேல் நிற்பவன் ஒரு சொல் சொன்னால், மிஷின் ரூமில் இருப்பவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பொத்தானில் கை வைக்கலாம். திருப்பிச் சொல்லாத சொல் சொல்லாத சொல்தான். கீழே நிற்பவனுடைய உயிர் அதில் இருக்கிறது.

"மேலே!"

"மேலே!"

"நிறுத்து!"

"நிறுத்து!"

இப்படித்தான் எங்கள் ஆயுசு ஓடியது. மூக்கன் எப்போதும் பெட்டிமேல், நான் எப்போதும் மிஷின் ரூமில். அந்தக் கிணற்றில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு மாடியிலும் கதவிடுக்கு வழியாக அந்த மாடிச் சமையல் வாசனை உள்ளே வந்து நிற்கும். மூக்கன் மெதுவாக ஏறி வருவான், ஒவ்வொரு மாடியிலும் மூச்சை இழுப்பான். என்ன வேகுது, என்ன வறுபடுது, எந்த வீட்டில் நேற்றைய குழம்பைச் சுட வைக்கிறார்கள், அத்தனையும் சொல்லுவான். அதையும் சும்மா சொல்ல மாட்டான், வேலைச் சொல் மாதிரி கத்துவான்.

"மீன்!"

பழக்க தோஷத்தில் நானும் கத்திவிடுவேன். "மீன்!"

கிணறு முழுக்க அவன் சிரிப்பு ஏறி வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை நேரத்தில் விளையாட்டா என்று திட்டுவேன். "நீ வேலையையும் வேலை மாதிரி செய்யறே, சோத்தையும் வேலை மாதிரி திங்கறே. உன்னை என்னடா பண்றது?" என்பான்.

ஒரு தடவை நாலாவது மாடியில் நிறுத்தச் சொன்னான். யாரோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். இவன் கதவிடுக்கில் வாயை வைத்து, "அம்மா, பாலு தீயுது, அடுப்பை அணைங்க!" என்று கத்தியிருக்கிறான். சுவருக்குள்ளிருந்து குரல் வந்தால் எந்தப் பொம்பளை பயப்பட மாட்டாள்? அடுப்பை அணைத்துவிட்டு அலறிக்கொண்டு மாடிப்படியில் ஓடியிருக்கிறாள். அவளைச் சமாதானம் செய்து உட்கார வைத்தவன் நான். மிச்சமிருந்த பாலில் அவள் போட்ட காபியை உட்கார்ந்து ரசித்துக் குடித்தவன் அவன்.

சாப்பாடு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில். என் டப்பாவில் முதல் வாய் எடுத்ததும் கண்ணை மூடுவான். மென்று முடிக்கும்வரை பேச மாட்டான். பிறகு தீர்ப்பு. "தங்கச்சி இன்னைக்கு வெங்காயத்தை நல்லா சிவக்க விட்டிருக்கு. ஆனா உப்பைப் போட்டதும் யாரோ கூப்பிட்டாங்க போல, திரும்பி வந்து மறுபடியும் போட்டிருக்கு." சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரி டப்பாவை வாங்கும்போதே கேட்பாள். "அண்ணன் என்ன சொன்னாரு?" என்னைக் கேட்க மாட்டாள். கேட்டாலும் நான் "இருந்துச்சு" என்பேன். அவ்வளவுதான் எனக்கு வரும். உப்புச் சமாசாரத்தைச் சொன்னால், "ஆமாங்க, பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டா!" என்று வாயில் கைவைத்துச் சிரிப்பாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் எரியும். இவள் எனக்குக் கட்டித் தருகிறாளா, அவனுக்கா?

அவனுடைய டப்பாவையும் அவன் என் பக்கம் தள்ளித்தான் வைப்பான். "எடுடா" என்பான். நான் ஒரு பருக்கை எடுத்ததில்லை. அவன் எடுக்கிறான் என்பதற்காக நான் எடுக்க மாட்டேன் என்று ஒரு வீம்பு. அவன் மனைவியின் கைச் சமையல் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அவன் எடுக்கிற வாய் சிறுத்தது. மீனின் நடுத்துண்டை விட்டுவிட்டு ஓரத்தில் கிள்ள ஆரம்பித்தான். கிள்ளியதையும் வாயில் வைத்துக்கொண்டே இருப்பான், ஒரு சொம்பு தண்ணீர் குடித்து இறக்குவான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் மூடியைத் திறந்தேன், கை வரவில்லை. அவன் தொட்டியில் சாய்ந்துகொண்டு, "நீ சாப்பிடு மாப்ளே, எனக்கு என்னவோ அடைக்குது" என்றான். அப்போது என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா, இன்றைக்கு முழுசும் எனக்குத்தான் என்பதுதான். நடுத்துண்டை எடுத்துத் தின்றேன். அது தொண்டையில் இறங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உணவுக்குழாயில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாய் வழியாக ஒன்றும் இறங்கக் கூடாது. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, கஞ்சித் தண்ணி மாதிரி எதையோ ஊசிக்குழலில் ஏற்றினார்கள். யாருக்கு வரக்கூடாதோ அவனுக்கு வந்தது.

கம்பெனி வேலை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்களில்தான் இருந்தது. தினமும் மதியம் போய்ப் பார்த்தேன். போவதற்கு முன் ஆஸ்பத்திரி மாடிப்படி முக்கில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிடுவேன். திருடித் தின்கிற மாதிரி இருக்கும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்து, சட்டையை உதறிவிட்டு உள்ளே போவேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டால், "இல்ல, இனிமேதான்" என்பேன்.

சில நாள்தான் அந்த நாடகம் நடந்தது. ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்து மூக்கில் வைத்தான்.

"கத்தரிக்கா," என்றான். குரல் மெலிந்து போயிருந்தது. "எண்ணெயில வதக்கினது. மேல சோப்பு. சோப்பு மட்டமான சோப்பு. யாருகிட்ட மறைக்கிறே? தொண்டைதாண்டா போச்சு, மூக்கு இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாளைக்கு டப்பாவோட உள்ள வா. இங்க உக்காந்து சாப்பிடு."

"உனக்கென்ன பைத்தியமா? உன் முன்னால உக்காந்து திங்க நான் மனுஷனா, மாடா?"

"மாடாயிருந்தா அசை போடறதையாவது பாத்துக்கிட்டு இருக்கலாம். வாடா."

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணன் முன்னாலயா? உங்களுக்கு எப்படிங்க தொண்டையில இறங்கும்?" ஆனாலும் மறுநாள் உருளைக்கிழங்கை நன்றாக வறுத்துக் கட்டினாள். என் கையில் கொடுத்தாள்.

வார்டில் நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "இங்க சாப்பாடெல்லாம் கூடாது." மூக்கன் படுத்தபடியே, "சிஸ்டர், அவனுக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிடலேன்னா மயங்கி விழுவான். அப்புறம் இன்னொரு கட்டில் போடணும்" என்றான். எனக்குச் சர்க்கரை கிடையாது. நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள், நம்பிவிட்டாள். சிடுமூஞ்சி அன்றைக்கு உதவியது.

அவன் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் மூடியைத் திறந்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். என் முதுகு கூசியது. ஒரு வாய் வைத்தேன்.

"எப்படி?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? நீ சாப்பாட்டைச் சொல்றியா, சர்ட்டிபிகேட் குடுக்கறியா? ஒழுங்கா சொல்லு. ஓரம் எப்படி, உள்ள எப்படி?"

நான் மறுபடி மென்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாயில் இருப்பது என்ன என்று கவனித்தேன். "ஓரம் மொறுமொறுன்னு இருக்கு. உள்ள... உள்ள வழுவழுன்னு, புது கிரீஸ் மாதிரி."

மூக்கன் சிரித்தான். சிரித்தால் வலிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதே. நாளையிலருந்து நிஜ கிரீஸையே கட்டிக் குடுத்துடும்."

அப்படியே தினமும். அவன் கேட்பான், நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லுவேன். உப்பு நாக்கு நுனியில் தெரியுதா, முழுங்கின பிறகு தெரியுதா என்பான். புளிப்பு கதவைத் தட்டிட்டு வருதா, திறந்துகிட்டே வருதா என்பான். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொள்வான். அவன் தொண்டைக்குழி ஏறி இறங்கும். சாயங்காலம் வீட்டில், "அண்ணன் என்ன சொன்னாரு?" என்பாள். அவன் சொன்னது என்று நான் சொன்னதெல்லாம் உண்மையில் நானே ருசித்துச் சொன்னது. அது அவளுக்குத் தெரியாது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. எனக்கு ருசி தெரிய ஆரம்பித்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே மதியத்துக்காகப் பசித்தது. வேறு ஆளை மிஷின் ரூமில் நிறுத்திவிட்டு நானே பெட்டிமேல் ஏறினேன். மாடிக்கு மாடி மூச்சை இழுத்தேன், அவனுக்குச் சொல்வதற்கு. இரண்டாவது மாடியில் யாரோ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த இருட்டில் எனக்கு வாயெல்லாம் ஊறியது. சந்தோஷமாக இருந்தது. உடனே கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒருத்தன் குழாயில் கஞ்சி ஏற்றிக்கொண்டு கிடக்கிறான், நான் அவன் சொத்தை எடுத்து அனுபவிக்கிறேன். பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து அந்த ஆள், "என்னண்ணே, ஏத்தவா?" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் டப்பாவைத் திறந்ததும் முதல் வாயை எடுத்து மூடியில் வைத்து, அவன் தலையணைப் பக்கம் தள்ளி வைத்தேன். அவனால் சாப்பிட முடியாது என்று தெரியும். அதை வைக்காமல் எனக்கு இறங்கவில்லை. அவன் மூடியைப் பார்ப்பான். போகும்போது அதை வெளியே குப்பையில் கொட்டிவிட்டுப் போவேன். ஒருநாள் வராந்தாவில் அவன் மனைவி என்னை நிறுத்தினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்க வர்ற நேரமாச்சுன்னா தலையைச் சீவிவிடச் சொல்றாரு," என்றாள். "விருந்துக்குப் போற மாதிரி."

 

இப்போதும் தண்ணீர்த் தொட்டி நிழலில்தான் சாப்பிடுகிறேன். டப்பாவைத் திறந்தால் கை தன்னாலே முதல் வாயை மூடியில் வைத்துவிடுகிறது. டப்பா கழுவும்போது மூடியில் ஒட்டிய சோற்றை என் வீட்டுக்காரி பார்க்கிறாள். ஒருநாளும் கேட்டதில்லை. நான் செய்வது தப்பு என்று எனக்குத் தெரியும். அவன் கடைசியாக என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம், அதைத்தான் செய்யாமல் இருக்கிறேன். அவன் கேட்டபோது நான் திருப்பிச் சொல்லவில்லை, அதனால் கணக்கில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அவன் அதைக் கேட்ட அன்றைக்கு டப்பாவில் மீன். நடுத்துண்டைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து மூடியில் வைத்தேன். அவனுக்குப் பேச்சு ரொம்பக் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் மயக்கத்திலேயே கிடந்தான், அப்படியே போய்விட்டான். அன்றைக்கு விழிப்பாக இருந்தான், தலை சீவியிருந்தது. மூச்சை இழுத்து மீனை மோந்தான். பிறகு நகக்கண்ணில் அந்தக் கறுப்பு அப்படியே இருந்த கையைத் தூக்கி, மூடியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினான்.

"இத்தனை நாள் நான் எடுத்தது போதும் மாப்ளே. இனிமே முதல் வாய் உன்னுது. சாப்பிடு."

சொல்லிவிட்டு, பெட்டிமேல் நின்று காத்திருப்பானே, அதே மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.