இரண்டு மணிக்கு இடது பக்கம்

முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். தாமதமாக வந்த டிரைவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, அஞ்சு நிமிஷம் முன்னாடி போட்டுக்குங்க" என்று குழைவார்கள்.

"என் மாமனாரே ஓட்டிட்டு வந்தாலும் பன்னெண்டே கால்னா பன்னெண்டே கால்தான்" என்பார். மாமனாருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ஓய்வுபெற்ற மறுவருஷம் மாடிப்படியில் விழுந்து முதுகுத்தண்டு போயிற்று. மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கை பேனா பிடிக்கும், உடம்பைப் புரட்டாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். உடனே ஒரு நோட்டில் கோடு போட்டார். மனைவி புரட்டுவாள், அவர் எழுதுவார்.

ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து எழுந்தவள் மதியம் அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள். எழுப்ப அவருக்கு மனசு வரவில்லை. 'இரண்டு மணி – இடது' என்று எழுதிவிட்டு மல்லாந்தே கிடந்தார்.

நாலு மணிக்கு அவள் பதறி எழுந்தாள். "ஐயோ, ரெண்டு மணிக்குப் புரட்டலையே!"

"புரட்டினியே. தூக்கக் கலக்கத்துல மறந்துட்ட. தலகாணி நழுவி மறுபடி மல்லாந்துட்டேன்."

நேர விஷயத்தில் அவர் பொய் சொல்வாரா? நம்பிவிட்டாள். தினமும் இதே கதை ஆயிற்று.

இடுப்புக்குக் கீழே சின்னதாக ஒரு புண் வந்தது. மருந்து போட்டாள். அவருக்கு வலியே தெரியவில்லை. ஒரு நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கியது. "பத்து நாப்பது வண்டி கிளம்பலாம்" என்று மின்விசிறிக்கு உத்தரவு கொடுத்தார். அப்போது மணி மூன்று. மனிதர் நேரத்தைத் தப்பாகச் சொன்னதும்தான் அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

"மேல சின்ன ஓட்டைதான், உள்ள எலும்பு வரைக்கும் சீழ். கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. பிழைச்சா பெரிய விஷயம்" என்றார் டாக்டர்.

ஒன்பதாம் நாள்தான் அவருக்கு நினைவு தெளிந்தது. கட்டுப் போட வந்த நர்ஸ், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மனைவியை முறைத்தார். "ஒழுங்காப் புரட்டியிருந்தா இந்தப் புண் வராது. புரட்டாமலே எழுதிவெச்சிருக்கீங்க. ஒரு உயிரு போயிருக்கும், தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

"அவ எழுதல சிஸ்டர். நான்தான். தூங்கட்டும்னு விட்டேன்."

நர்ஸ் போனபிறகு அவள் நோட்டை எடுத்து இரண்டு மணி வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எழுப்பியிருந்தா திட்டியிருப்பேன்" என்றாள். "திட்டிக்கிட்டே புரட்டியிருப்பேன்."