வளவு லைற்றும் அறுமீனின் நீலமும்

முதலாவது பில்டர் கனடாவிலிருந்து வந்து சேர்ந்த கிழமைதான் என் மனுசன் கடலோரத்து எங்கள் வீட்டு வளவுக் கம்பத்தில் லைற்றை மாற்றினார். அதுவரை அங்கே எரிந்தது மஞ்சள் சோடியம் லைற். இரவில் வரும் படகுகள் அதைப் பார்த்துத்தான் கரை பிடிக்கும். இரவு வானத்தைப் படம்பிடிக்க, கனடாவிலுள்ள தம்பியிடம் சொல்லி நான் எடுப்பித்த பில்டரோ அந்த மஞ்சளை மட்டும் மறித்து மற்ற நிறங்களைக் கமராவுக்குள் விடுகிற சின்னக் கண்ணாடி. அதைக் கமராவில் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால் கம்பத்தில் பட்டப்பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம். வெள்ளைக்குள் எல்லா நிறமும் இருக்கிறது. எதை மறிப்பது, எதை விடுவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அவர் கடலுக்குப் போகிறவர். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை அவர் அறுமீன் என்பார். அதைச் சுற்றி மெல்லிய நீலப் படலம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும் என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரித்தார். சின்ன வயதிலிருந்து கடலில் கிடந்து பார்க்கிற தனக்குத் தெரியாத நீலமா, ஆறும் வெள்ளைதான் என்றார். காட்டுகிறேன் பாருங்கள் என்று வீம்புக்குச் சொன்னேன். வீம்பு பாதிதான். மிச்சம் ஆசை. வளவின் மூலையில் நுளம்புக்கடியில் குந்தியிருந்து நான் எதைத் தேடுகிறேன் என்பதை அவரும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று இருந்தது.

இரண்டாவது பில்டர் விட்டுக்கொடுக்காத சாதி. சிவப்பில் ஒரு கீற்று, பச்சைநீலத்தில் ஒரு கீற்று, அவ்வளவைத்தான் உள்ளே விடும். நகர வெளிச்சத்துக்கு நடுவிலும் வேலை செய்யும் என்று தம்பி அடித்துச் சொன்னான். பொய்யில்லை. ஓரியன் மேகத்தைத் திருப்பிப் பிடித்தேன், பூப்பூத்த மாதிரி வந்தது. அறுமீனுக்குத் திருப்பினேன். ஆறு புள்ளிகள், சுற்றிவரக் கறுப்பு. ஓரியன் மேகம் தானே ஒளிரும் வாயு, அதன் ஒளி அந்தக் கீற்றுகளுக்குள் அடங்கும். அறுமீனின் நீலமோ நட்சத்திர வெளிச்சம் தூசியில் பட்டுத் தெறிப்பது. அது எல்லா நிறத்திலும் பரந்து கிடக்கும். பில்டர் வளவு லைற்றோடு சேர்த்து என் நீலத்தையும் மறித்துவிட்டது. படிப்பிக்கிறவளுக்கு இது முதலே தெரிந்திருக்க வேண்டும் என்று தம்பி சொன்னபோது போனை வைத்துவிட்டேன்.

லைற்றின் வீட்டுப்பக்கத்தை மறைத்துத் தகரம் கட்டிப் பார்த்தேன். வெண்மணலில் பட்ட வெளிச்சம் திரும்பி என் கமராவுக்கே வந்தது. கட்டுக்கரைக் குளக்கட்டுக்குப் போனால் நல்ல இருட்டு, பில்டரே தேவையில்லை. பற்றரியையும் கமராத் தாங்கியையும் காவிக்கொண்டு ஒரு பொம்பிளை அங்கே தனியே போய் நிற்கிற கதையை யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். நிலவுக்காலத்தில் வலையில் மீன் படாது, அவர் வீட்டில் நிற்பார், லைற்றை அணைக்கலாம். ஆனால் நிலவே வானத்தைக் கழுவிவிடும். இருட்டுக்காலத்தில் நிலவு இல்லை. படகுகள் கடலில், லைற் எரியவேண்டும். இதற்கு எந்த நாட்டில் பில்டர் விற்கிறார்கள்?

இருட்டுக்காலத்துக்கு மட்டும் பழைய மஞ்சள் லைற்றைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். முதல் பில்டராவது பிரயோசனப்படும். நான் கேட்டு அவர் மறுத்தது குறைவு. அன்றைக்கு ஒரேயடியாக மறுத்தார். வெள்ளைதான் நல்லது, எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, அந்தக் கதையை விடு என்றார். மஞ்சளில் முன்பு யாருக்கு என்ன குறை வந்தது என்று கேட்டதற்கு எழும்பி வலையடிக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் தேவைக்கு மட்டும்தான் கதைத்தேன்.

எனக்கு மிஞ்சியது சனிக்கிழமைகள். ஞாயிறு பூசை என்பதால் சனி பின்னேரம் எங்கள் கரையில் ஒருவரும் கடலில் இறங்குவதில்லை. இருட்டுக்காலத்துச் சனி, அதுவும் மேகமில்லாத சனி வேண்டும். ஒன்று மழையில் போனது. ஒன்றில் வாடைக்காற்று கொண்டுவந்த உப்பு கண்ணாடியில் படிந்து படமெல்லாம் புகை. மாசியில்தான் ஒன்று வாய்த்தது. படகுகள் எல்லாம் கரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு லைற்றை அணைத்தேன். இரண்டு பில்டரையும் கழற்றிப் பெட்டியில் போட்டேன். நீலம் முழுவதும் வேண்டுமென்றால் வெறுங் கமராதான். பட்டணத்து வெளிச்சம் படத்தில் கொஞ்சம் ஏறியது. எடுத்த படங்களை அடுக்கி அந்த வெளிச்சத்தைக் கணினியில் கழித்தேன். நீலம் வந்தது. மெல்லியது, கரை கிழிந்தது, ஆனால் நீலம்.

அவரைக் கூப்பிட்டேன். கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்குக் கிட்டக் குனிந்தார். வடிவாய் இருக்கிறது என்று உடனே சொன்னார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. நீலம் எங்கே, தொட்டுக் காட்டுங்கள் என்றேன். அவர் விரல் கொஞ்சம் தயங்கி, திரையின் கீழ்மூலையில் போய் நின்றது. அங்கே ஒன்றுமில்லை, கறுப்பு.

"விளையாடாதேங்கோ."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"பழைய லைற் கொஞ்ச நாளா எனக்குத் தெரியேல்ல. அதுதான் பெரிசாப் போட்டனான்."

அவருக்குள்ள சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறும் என்று கிளினிக்கில் சொன்னது எங்கள் இருவருக்கும் தெரியும். இந்தக் கண்ணோடு எத்தனை இரவு கடலுக்குப் போயிருக்கிறார்? ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொன்னா கடலுக்குப் போகாதை எண்டுவினம்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.  நான் களைத்து நிறுத்தியபோது, உண்மையாகவே நீலமா என்று கேட்டார். ஓம் என்றேன். எப்படி நீலம் என்றார்.  புது நைலோன் கயிறு வெயிலில் கிடந்து வெளிறினால் வருமே, அந்த நீலம் என்றேன். அது தனக்குத் தெரியும் என்றார். அவர் விரலைப் பிடித்து, அறுமீனின் மேல் வைத்தேன்.

திங்கட்கிழமை கண் டொக்டரிடம் போவோம், வாறீங்களா என்று கேட்டேன். அவர் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். திரையை மூடப் போனேன். விரலை எடுக்காமல் இருந்தார்.