நிச்சயத்துக்குப் போன மங்குஸ்தான்

என் மாமா அமெரிக்காவுக்குப் போனதில்லை. மதுரையைத் தாண்டியதே இரண்டு மூன்று தடவைதான். ஆனாலும் அந்த நாட்டுக்கு ரயில் வந்த கதையை, கூடவே இருந்து தண்டவாளம் போட்டவரைப் போலச் சொல்லுவார். தென்காசி நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகம் ஒன்றைப் பல தடவை புதுப்பித்து வீட்டிலேயே வைத்திருந்தார். அவர் வாசித்துவிட்டுக் கீழே வைத்ததும் சித்தி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சித்தி என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கை.

மாமாவுக்குப் பிடித்தது ஐஸ் வண்டிக் கதை. ரயில் வருமுன் அந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலத்தான், குதிரை வண்டி போய்வரும் தூரத்தில் விளைந்ததைத் தின்றார்கள். ரயில் வந்த பிறகும் பழமும் இறைச்சியும் வழியிலேயே கெட்டன. அப்புறம் ஒருவழியாக, குளிர்காலத்தில் ஏரியில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் புதைத்துப் பாதுகாத்து, ரயில் பெட்டியின் இரண்டு முனைகளிலும் அடுக்கி அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். பனி கொட்டும் ஊரில் இருந்தவன் வெயில் ஊர் ஆரஞ்சை உரித்துத் தின்றான்.

"முதல்ல மாட்டுக்கறிய ஐஸ் மேலயே வச்சு அனுப்பியிருக்கான். கறி கறுத்துப் போச்சு. ஐஸ் தொடாம, காத்து மட்டும் படணும்" என்று மாமா ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி விளக்கினார்.

"சாப்பிடுத நேரத்துல என்ன பேச்சுலே பேசுதே?" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள். முட்டை சேர்த்த கேக் கூட வாசலைத் தாண்டி உள்ளே வராத வீடு எங்களுடையது.

அந்த வருடம் சாரல் நன்றாக இருந்தது. மாமா குற்றாலத்தில் சில மங்குஸ்தான் மரங்களைக் குத்தகைக்கு எடுத்தார். மரத்தூளுக்குப் பதில் உமி போட்ட ஐஸ் பெட்டியில் பழத்தை வைத்து ரயிலில் சென்னைக்கு அனுப்புவது அவர் திட்டம். அதே சமயம் சித்திக்கும் சென்னையில் வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் தாத்தாவால் நடக்க முடியாது என்பதால் நிச்சயதார்த்தத்தை அவர்கள் வீட்டிலேயே வைத்தார்கள். நாங்கள் போகும் ரயிலிலேயே பெட்டிகளும் வரட்டும், சம்பந்தி வீட்டுச் சீரே முதல் சோதனையாக இருக்கட்டும் என்று மாமா முடிவு செய்தார்.

கிளம்பும் அன்று மத்தியானம் தொழுவத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மாமாவும் சித்தியும் பெட்டிகளை அடுக்கினார்கள். பிள்ளைகள் யாரும் உள்ளே போகக் கூடாது. நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஒரு சாக்கு உமியும் சித்தியின் முதுகும்தான் தெரிந்தன. வெளியே வந்தபோது அவள் கைகள் சில்லென்று இருந்தன. வழக்கத்துக்கு மாறாக எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மருதாணி நன்றாகப் பிடிப்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எழும்பூரில் இறங்கியபோது மழை. மாமா பார்சல் பக்கம் ஓடிப்போய் ஒரு பெட்டியோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

சம்பந்தி வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். தாம்பாளங்கள் வரிசையாக இருந்தன. சித்தியை உள்ளறையில் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். "எங்க குற்றாலத்துப் பழம். மரத்துல பறிச்ச மாதிரி இருக்கும், பாருங்க" என்று மாமா வெள்ளைப் பெட்டியை நடுவில் வைத்து, ஒட்டியிருந்த நாடாவைக் கிழித்தார். முதல் ஆளாக எட்டிப் பார்த்தவள் நான்.

உள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது.

வாழை இலைமேல், முழ நீளத்துக்கு, வெள்ளி போல மின்னிக்கொண்டு ஒரு மீன் படுத்திருந்தது. அதன் வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் சந்தனக் கிண்ணத்தைக் கீழே போட்டாள். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார்கள். மாப்பிள்ளையின் தாத்தா, நடக்க முடியாதவர் என்று சொல்லப்பட்டவர், எழுந்து நின்றுவிட்டார்.

விஷயம் இதுதான். செங்கோட்டையில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் மாமாவின் பள்ளிக்கூட நண்பர்தான் பெட்டிகளைக் கொடுத்தவர். பதிலுக்கு, அதே முறையில் மீனையும் ஒரு பெட்டியில் கட்டித் தரச் சொல்லியிருந்தார். எழும்பூரில் அதை வாங்க வந்த ஆள், மழையின் அவசரத்தில் மங்குஸ்தானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "இதக் கையால எடுத்து வச்சது யாரு?"

"நாந்தான்" என்றார் மாமா. அம்மா அவரைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. மீன் எங்கள் தொழுவத்தில் இருந்திருக்கிறது.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. பட்டுச்சேலையும் பாதி வைத்த பூவுமாகச் சித்தி வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. அவள் பெட்டியருகே குனிந்து, மருதாணி விரலால் மீனை ஓரிடத்தில் அழுத்திப் பார்த்தாள். ஓரத்தில் கையை விட்டுத் துழாவினாள்.

"ஐஸ் உருகலையேண்ணே!" என்றாள்.

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு மீனைவிட அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது. அதிர்ச்சியில் சித்திக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அழத் தொடங்கினேன். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மீனை மன்னித்தாலும் மன்னித்திருப்பார்கள், அந்த விரலை மன்னிக்கவில்லை. "தட்டு மாத்த வேண்டாம்" என்று பெரியப்பா சொன்னார். மாப்பிள்ளை ஒரு தடவை கூடத் தலை நிமிரவில்லை.

சித்தி இப்போது பண்பொழி போகும் சாலையில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கிறாள். அவளுடைய வண்டிகள் பழமும் பூவும் ஏற்றிக்கொண்டு கொல்லத்துக்கும் சென்னைக்கும் ஓடுகின்றன. மாமா அதில் கணக்கப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கு அமெரிக்கக் கதை சொல்லுகிறார். ஆனால் அன்று இப்படியெல்லாம் நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மா அவர்களை அடித்திருப்பாள்.

அன்றைக்கே ரயில் ஏறினோம். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மாமா கொடுத்த இட்லிப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. "என்னால உன் வாழ்க்கை போச்சே தாயி" என்று அவர் சித்தியிடம் சொன்னார். சித்தி ஜன்னலோரம் என்னை மடியில் சாய்த்து வைத்திருந்தாள்.

"கீழ கொஞ்சம் ஈரம் கோத்திருந்துச்சுண்ணே. அடுத்த தடவ உமி இன்னும் கூடப் போடணும்" என்றாள்.

அடுத்த தடவை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சித்திக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள். அந்த நிச்சயத்தில் உமியை எங்கே போடுவார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதற்குச் சம்மதிப்பார்களா என்று விழுப்புரம் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் தூங்கிப்போனேன்.