சகலைகள் வாங்கிய டீசல் கார்

எங்கள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் சேர்த்து ஒரே கார்தான் இருந்தது. எண்பதுகளின் நடுவில் வாங்கியது. நான் அப்போது விழுப்புரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. என் கணவர் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. தங்கை திண்டிவனத்தில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் கணவர் அதே ஊரில் விதை, உரக்கடை வைத்திருந்தார். தனித்தனியாகக் கார் வாங்க இரண்டு வீட்டுக்கும் வசதி கிடையாது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த சகலைகள் இருவரும், பாயசம் வருவதற்குள் கூட்டாக ஒன்று வாங்குவதென்று பேசி முடித்துவிட்டார்கள். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் ஓட்டிய பழைய டீசல் அம்பாசிடர். வெள்ளைக் கார் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். வாசலில் வந்து நின்றபோது புளித்த மோர் நிறத்தில் இருந்தது.

ஒரு மாதம் எங்களிடம், ஒரு மாதம் அவர்களிடம் என்று ஏற்பாடு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டி கைமாறும். கொடுக்கும்போது கழுவித் துடைத்து, டாங்கில் பாதியாவது டீசல் இருக்கும்படி கொடுக்க வேண்டும். இந்த இரண்டு விஷயத்திலும் இருவரும் ஒருநாளும் தவறியதில்லை. கண்ணாடியில் முகம் பார்க்கலாம், அப்படித் துடைத்துக் கொடுப்பார்கள். பானட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று மட்டும் இருவரும் பார்க்கவில்லை.

அது தெரியவந்தது ஓர் ஆடி மாதத்தில். காணையில் அம்மா வீட்டில் கூழ் ஊற்றும் நாள். எங்கள் முறை என்பதால் வண்டி எங்களிடம் இருந்தது. காலையிலேயே திண்டிவனம் போய்த் தங்கை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தோம். என் கணவர்தான் ஓட்டினார். விக்கிரவாண்டியை நெருங்கும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. எஞ்சின் சத்தமும் மாறியது. உரலில் இரும்பைப் போட்டு இடித்த மாதிரி ஒரு சத்தம். சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தினார்.

அங்கே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர், கேட்காமலே வந்து பானட்டைத் திறந்தார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் ஒட்டியிருந்ததை இரண்டு விரலால் தேய்த்து மோந்து பார்த்தார்.

"இது ஆயில் இல்ல சார், தாரு. அதுவும் அடியில கொஞ்சம்தான் கெடக்குது. எப்ப சார் மாத்துனீங்க?"

என் கணவர் தங்கை கணவரைப் பார்த்தார். "சகல, நீ எப்ப மாத்துன?"

"நானா? நீங்க மாத்திக்கினு இருக்கீங்கன்னு இல்ல நான் நெனச்சேன்!"

"நான் எதுக்கு மாத்துவேன்? உங்கிட்டேர்ந்து வர்ற வண்டி எல்லாம் பாத்துதான் வருதுன்னு நான் நெனச்சேன்."

லாரி டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வாங்குனதுலேர்ந்து யாருமே மாத்தலியா?"

வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் மல்லாட்டை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்தார்கள். டிரைவர் தன் லாரியிலிருந்து ஒரு டப்பா ஆயில் எடுத்து ஊற்றி, "மெதுவா வூட்டுக்குப் போங்க. மாத்தாம வேற எங்கியும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டு வண்டிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும் வேகத்தில் விழுப்புரம் வந்தோம். வண்டியை வீட்டோரம் பூவரச மரத்தடியில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் காணைக்குப் போனோம்.

கூழ் குடிக்கும்போது பேச்சு முற்றியது. உர மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் எஞ்சினைக் கெடுத்தது நீதான் என்றார் இவர். ஸ்டேஷன் சிநேகிதர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் ஓசியில் ஓட்டியது நீங்கள்தான் என்றார் அவர். சாயங்காலம் தங்கை குடும்பம் இவரிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறியது.

மூன்று வாரம் வண்டி அங்கேயே நின்றது. பூவரசம் பூ விழுந்து கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்தது. "எவன் கெடுத்தானோ அவன் மாத்தட்டும்" என்றார் என் கணவர். திண்டிவனத்திலும் அதே வசனம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தங்கை போனில் சொன்னாள்.

இதற்குள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், ஒரு புதன்கிழமை. "நான் பஸ்லியே போய்க்கிறேன், எனக்கின்னா" என்றாள் அம்மா. போகும்போது சரி. கண்ணைக் கட்டிக்கொண்டு, தூசியிலும் குலுக்கலிலும் எப்படித் திரும்புவது? நானே போய் மெக்கானிக்கிடம் கேட்டேன். லாரி வேலை குவிந்து கிடக்கிறது, பத்து நாளாவது ஆகும் என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, நீ சயின்ஸ் டீச்சர்தானே? வண்டியோட ஒரு புக்கு வந்துச்சே, அது இருக்குதா?"

"இருக்குது."

"படி. சாமான் வாங்கி வை. ஞாயித்துக்கெழம காலைல நான் வர்றேன். இவங்க ரெண்டு பேரும் பேசுற வரைக்கும் பாத்துக்கினு இருந்தா நடக்காது."

அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பழைய சொந்தக்காரரான டாக்டர், செய்த வேலைக்கெல்லாம் பென்சிலால் சின்னதாக டிக் போட்டிருந்தார். எங்களிடம் வந்த பிறகு ஒரு டிக்கும் இல்லை. பள்ளியில் ஓய்வு நேரத்தில், பத்தாம் வகுப்புப் பாடம் எடுப்பதற்குமுன் படிப்பதுபோலக் கோடு போட்டுப் படித்தேன். எண்ணெய் எங்கே வடியும், எந்த ஃபில்டர் எண்ணெய்க்கு, எது டீசலுக்கு, எது காற்றுக்கு என்று படத்தைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "சார் வரலீங்களா டீச்சர்?"

"வரல. நான்தான் மாத்தப் போறேன்."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாமான்களைக் கட்டிக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "ஆயில் ஃபில்டர் கழட்டுனா மேல ஒரு ரப்பர் வளையம் ஒட்டிக்கினு இருக்கும். அத எடுத்துட்டுதான் புதுச போடணும். ரெண்டும் சேந்துச்சுன்னா மொத்த ஆயிலும் ரோட்ல போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்குக் காலை டியூட்டி. அவர் சைக்கிளில் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் தங்கை வந்தாள். பையில் ரப்பர் கையுறை, பழைய புடவைத் துணி, துணியில் சுற்றிய இடுக்கி ஒன்று. ஆஸ்பத்திரியில் பல் தேய்ந்துபோனதென்று ஒதுக்கிய இடுக்கி. நைட்டிக்கு மேல் அவரவர் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டோம்.

எண்ணெய் கொஞ்சம் சூடாக இருந்தால்தான் முழுதும் வடியும் என்று புத்தகம் சொன்னது. சாவியைத் திருப்பிச் சூடேற விட்டு ஸ்டார்ட் செய்வதை எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கியர் விழவில்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். கறுப்புப் புகை மரத்தடியை மூடியது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். அம்பாசிடர் உயரமான வண்டி. சாக்கை விரித்துப் படுத்தபடி உள்ளே நகர்ந்தேன்.

அடியில் இருந்த போல்ட் அசையவில்லை. ஸ்பேனரை மாட்டிவிட்டு நான் வெளியே வந்தேன். தங்கை உட்கார்ந்து, காலால் ஸ்பேனரை உதைத்தாள். மூன்றாவது உதையில் கிறீச்சென்றது. மறுபடி உள்ளே போய் விரலால் சுற்றினேன். கடைசிச் சுற்றில் போல்ட் என் கையிலிருந்து நழுவி, கீழே வைத்திருந்த பேசினில் விழுந்தது. கறுப்பாக ஒரு தாரை முழங்கை வரை வழிந்தது. சூடு அதிகம்தான். கத்திவிட்டேன். மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் இல்லீங்க, ஆயில் மாத்துறோம்" என்றாள் தங்கை. அந்த அம்மா கீழே இறங்கி வந்து, வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஃபில்டரைக் கழற்றினால், கடைக்காரர் சொன்ன மாதிரியே பழைய வளையம் பள்ளத்தில் கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கை இடுக்கியை எடுத்தாள். தையல் பிரிப்பதுபோல ஓரத்திலிருந்து மெல்லக் கிளப்பித் துண்டு துண்டாக எடுத்துவிட்டாள். போல்டையும் எண்ணெய்க்குள்ளிருந்து அந்த இடுக்கிதான் எடுத்தது. போல்டையும் புது ஃபில்டரையும் இறுக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லெண்ணெய் மாதிரி தெளிவாக இருந்தது. காற்று ஃபில்டரில் இருந்த தூசியை வைத்து ஒரு பூந்தொட்டி நிரப்பலாம். டீசல் ஃபில்டரையும் மாற்றி முடித்தபோது மணி பன்னிரண்டு.

ஸ்டார்ட் செய்தேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி செய்தேன். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு சுற்றுவதும் சோர்ந்துவிட்டது. பேட்டரி இறங்குகிறது என்று புரிந்தது. எண்ணெய் மாற்றாமல் கிடந்த வண்டியை ஓடவே ஓடாத வண்டியாக்கிவிட்டேனோ என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் டியூட்டி முடிந்து வந்தார். சைக்கிளில் இருந்து இறங்காமலே பார்த்தார். என் முழங்கை, தங்கையின் முகம், எதிர்வீட்டு அம்மாவின் நாற்காலி எல்லாவற்றையும் பார்த்தார்.

"யாரக் கேட்டு இதுல கை வெச்சீங்க?"

"யாரக் கேக்கணும் மாமா? நீங்க அவரக் கேக்க மாட்டீங்க, அவரு உங்களக் கேக்க மாட்டாரு" என்றாள் தங்கை.

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். நான் படியில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினேன். தங்கை டீசல் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஃபில்டர் கழட்டுனப்ப உள்ள இருந்த டீசல் எல்லாம் கொட்டிடுச்சில்ல? இப்ப புதுசுக்குள்ள இன்னா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"காத்து இருக்கும். நாங்க குளுக்கோஸ் ஏத்துறப்ப டியூப்ல இருக்குற காத்த மொதல்ல வெளிய வுட்டுட்டுதான் ஊசி போடுவோம். இதுலயும் காத்து அடைச்சிக்கினு இருக்கும். அத வெளிய வுட எங்கனா வழி இருக்குதா பாரு."

இருந்தது. நான் கோடு போட்டுப் படித்த பக்கத்துக்கு அடுத்த பக்கம். ஃபில்டர் தலையில் ஒரு சின்னத் திருகு. கீழே பம்பில் கையால் அடிக்க ஒரு நெம்புகோல். வேலை அதோடு முடிந்தது என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் விட்டிருந்தேன். மாணவிகள் இப்படிச் செய்தால் நான் விடமாட்டேன்.

தங்கை திருகைத் தளர்த்தினாள். நான் நெம்புகோலை அடித்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு புஸ்ஸென்று நுரை வந்தது. விடாமல் அடித்தேன். நுரை குறைந்து, குமிழி குமிழியாக வந்து, கடைசியில் சுத்தமான டீசல் வழிந்தது. "போதும்" என்று சொல்லி அவள் திருகை இறுக்கினாள்.

பேட்டரி இறங்கியிருந்ததால் தள்ளித்தான் ஆகவேண்டும். உள்ளே போய் நான் யாரையும் கூப்பிடவில்லை. அவரே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நானும் தங்கையும் எதிர்வீட்டு அம்மாவும் தள்ளினோம். தெருமுனைக்கு முன்னால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. அவர் இறங்கி வந்து குனிந்து அடியில் பார்த்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. "சரி, சாப்புட வாங்க" என்றார். நாங்கள் இன்னும் சமைக்கவே இல்லை.

புதன்கிழமை விடிகாலையில் தங்கை கணவரும் வந்தார். அம்மாவைப் பின்சீட்டில் எங்கள் நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். சகலைகள் இருவரும் முன்னால். கண்டமங்கலம் தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாடு குறுக்கே வந்து, என் கணவர் பிரேக்கை இரண்டு தடவை மிதிக்க வேண்டியிருந்தது.

"சகல, பிரேக் கொஞ்சம் கீழ போவுது பாருங்க" என்றார் தங்கை கணவர்.

"ஆமாம்பா. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்."

"திண்டிவனத்துல ஒரு ஆளு இருக்காரு. இந்த மாசம் நான் பாத்துடட்டுமா?"

"பாத்துடு."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு எண்ணெயும் ஃபில்டரும் எங்கள் இருவர் வேலையாகிவிட்டது. புத்தகத்தில் டாக்டரின் டிக்குகளுக்குக் கீழே என் சிவப்பு மை டிக்குகள் சேர்ந்தன. வடித்த பழைய எண்ணெயை, கரையான் வராமலிருக்க வேலிக் கம்புகளுக்குப் பூசினார் என் கணவர். பிரேக் எண்ணெயில் மட்டும் நாங்கள் கைவைக்கவில்லை. எஞ்சின் நின்றால் தள்ளிக்கொள்ளலாம். பிரேக் பிடிக்காவிட்டால் யார் வந்து என்ன செய்வது என்று தங்கை சொன்னாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அதைத் திண்டிவனத்து ஆளே கடைசி வரை பார்த்துக்கொண்டார்.